என்னோடு சேர்த்து ஆறு

நல்லவேளை, ஏறிவிட்டீர்கள். உட்காருங்கள், மூச்சு வாங்குகிறது பாருங்கள். தண்ணீர் பாட்டில் வாங்கத்தானே இறங்கினீர்கள்? கடைக்காரன் சில்லறை இல்லை என்று நிறுத்திவைத்திருப்பான். இந்த ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டில் வண்டி எப்போது எடுப்பான் என்று யாருக்குத் தெரியும்? அதனால்தான் கண்டக்டர் விசில் ஊதியதும் நான் எழுந்து நின்றுவிட்டேன். "பக்கத்து சீட்டு அம்மா இன்னும் ஏறல, நிறுத்துங்க" என்றேன். "உங்க கூட வந்தவங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "பேரு என்ன?" தெரியாது என்றேன். "பேரு தெரியாதாம், ஊரு தெரியாதாம், ஆனா வண்டிய நிறுத்தணுமாம்" என்று பின்னால் இருந்தவர்களைப் பார்த்துச் சிரித்தார். சிரித்துவிட்டுப் போகட்டும். உங்கள் பை சீட்டில் இருக்கிறது, ஆள் இல்லை. அதைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சும்மா இருப்பது?

நன்றியெல்லாம் வேண்டாம். எண்ணுவது என் வழக்கம். இந்த பஸ்ஸில் நம் பக்கம் பதினெட்டுப் பேர், அந்தப் பக்கம் இருபத்தொன்று. நீங்கள் இல்லாமல் பதினேழுதான் வந்தது.

பெரம்பலூரா போகிறீர்கள்? நானும் பெரம்பலூர்தான். அங்கிருந்து ஆத்தூருக்கு வேறு வண்டி பிடிக்க வேண்டும். இல்லை, தனியாக வந்தவள் இல்லை நான். ஆறு பேராக வந்தோம், இரண்டு காரில். மூன்று நாளாக ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருக்கிறோம். அவர்கள் ஐந்து பேரும் இந்நேரம் பிச்சாவரத்துக்குப் போய்ச் சேர்ந்திருப்பார்கள். அங்கே படகு விடுவார்களாமே, தண்ணீருக்குள்ளேயே மரம் நிற்குமாமே. நான் மட்டும் இந்த பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறேன்.

சண்டையா என்று கேட்கிறீர்கள். சண்டை ஒன்றும் இல்லை. சண்டை என்றால் சொல்லிவிடலாம், இன்னார் இன்னது பேசினார், நான் கோபித்துக்கொண்டு வந்துவிட்டேன் என்று. இதை எப்படிச் சொல்வது என்றுதான் யோசிக்கிறேன்.

எங்கள் வீட்டுக்காரருக்கு ஆத்தூரில் டயர் கடை. பையன் நவீன், ஓசூரில் கம்பெனி வேலை. கல்யாணமாகி ஒன்றரை வருஷம் ஆகிறது. மருமகள் சிந்துஜா இப்போது மூன்று மாசம். மகள் புவனாவைச் சேலத்தில் கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளை பிரபாகர் தங்கமான பிள்ளை, வண்டியை மட்டும் வேகமாக ஓட்டுவார். இந்தப் பயணமே அவர் போட்ட திட்டம்தான். "அத்தை, குழந்தை பொறந்துட்டா சிந்துஜா எங்க வர முடியும்? இப்பவே தஞ்சாவூர், கும்பகோணம், பிச்சாவரம்னு ஒரு சுத்து சுத்திட்டு வந்துடலாம்" என்றார். மூன்று மாசத்தில் காரில் குலுங்கிக்கொண்டு போவதா என்று நான் சொன்னேன். டாக்டர் போகலாம் என்று சொல்லிவிட்டாராம். டாக்டர் சொல்லுவார், அவர் வீட்டுப் பெண்ணா? அதற்காகவே நானும் கிளம்பினேன். முதலில் என்னைக் கூப்பிடவில்லை, கூப்பிட மறந்துவிட்டார்கள். நான்தான் வருகிறேன் என்றேன். கூட ஒரு பெரிய மனுஷி இல்லாமல் எப்படி?

எண்ணுகிற பழக்கத்தைச் சொன்னேன் அல்லவா, அது எப்படி வந்தது என்று கேளுங்கள். நவீனுக்கு நாலு வயசு. ஆடிப் பதினெட்டுக்குக் கொல்லிமலைக்குப் போயிருந்தோம். கூட்டம் என்றால் கூட்டம். ஒரு கடையில் சீப்பு பார்த்தேன், அவ்வளவுதான். திரும்பினால் புவனா இருக்கிறாள், பையனைக் காணோம். இரண்டு மணி நேரம். கடைசியில் மைக் கட்டியிருந்த மேடையில் உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருந்தான். நான் ஓடிப்போய் முதலில் முதுகில் இரண்டு வைத்தேன், அப்புறம்தான் கட்டிக்கொண்டேன். எங்கள் வீட்டுக்காரர் அத்தனை ஜனம் நடுவில் சொன்னார், "ரெண்டே ரெண்டு புள்ளைங்க. ரெண்டு வரைக்கும் எண்ணத் தெரியாதா உனக்கு? ஏழாவது வரைக்கும் படிச்சேன்னு சொல்லித்தானே கட்டி வெச்சாங்க."

அன்றிலிருந்து எண்ணுகிறேன். எங்கே போனாலும், எதில் ஏறினாலும், எதிலிருந்து இறங்கினாலும். வாய்விட்டுத்தான் எண்ணுவேன், மனசுக்குள் எண்ணினால் தவறிப்போகும். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து, என்னோடு சேர்த்து ஆறு. அதற்கப்புறம்தான் வண்டி நகரலாம். இருபத்தைந்து வருஷமாக எங்கள் வீட்டில் ஒருத்தரும் தொலைந்துபோனதில்லை.

பிள்ளைகள் கேலி செய்வார்கள். மாப்பிள்ளை இருக்கிறாரே, நான் எண்ணும்போது கையைத் தூக்கி "பிரசென்ட் டீச்சர்" என்பார். சிந்துஜா ஒரு தடவை, "அத்தை, சாயங்காலம் பட்டியில அடைக்கிற மாதிரி எண்ணறீங்களே, நாங்க என்ன ஆடா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆட்டை எண்ணுகிறவன் ஆட்டின் மேல் ஆசையில்லாமலா எண்ணுகிறான்?

முதல் நாள் தஞ்சாவூர். நான் புவனா வண்டியில். பெரிய கோயில் பெரியதுதான், அண்ணாந்து பார்த்ததில் கழுத்து பிடித்துக்கொண்டது. ஆனால் வெயிலில் சிந்துஜா ஒரு பக்கம் போகிறாள், எங்கள் வீட்டுக்காரர் ஒரு பக்கம் போட்டோ எடுக்கிறார், எண்ணிக்கை நிற்கவே மாட்டேன் என்கிறது. நந்தியைச் சுற்றி நாலு தடவை நடந்தேன். வழியிலும் அப்படித்தான். மாப்பிள்ளை எண்பதைத் தாண்டினால் முள் ஏறுவது எனக்குப் பின் சீட்டிலிருந்தே தெரிந்துவிடும். "மாப்பிள்ளை, அறுபது போதுங்க" என்பேன். உடனே குறைப்பார். பாட்டைச் சத்தமாக வைத்தால் பின்னால் வருகிறவன் ஹாரன் அடிப்பது கேட்காதே, அதையும் சொன்னேன். அணைத்தே விட்டார். அவ்வளவு மரியாதை. திருச்சி தாண்டினதிலிருந்து தஞ்சாவூர் வரைக்கும் வண்டிக்குள் ஒரு சத்தம் இல்லை, அவ்வளவு நிம்மதியாக வந்தோம்.

மறுநாள் காலையில் லாட்ஜ் வராண்டாவில் துண்டு காயப்போட்டுக்கொண்டிருந்தேன். படிக்கட்டுக்குக் கீழே புவனாவும் நவீனும் பேசுகிறார்கள்.

"நேத்து முழுக்க அம்மா எங்க வண்டி. இன்னைக்கு உன் வண்டி."

"சரி. நாளைக்கு?"

"நாளைக்கு மறுபடி நாங்க. முறைன்னா முறை, அப்புறம் பேச்சு மாறக்கூடாது."

எனக்கு வயிறு நிறைந்துபோயிற்று. எங்கள் எதிர்வீட்டு அம்மாவுக்கு மூன்று பையன்கள், பக்கத்தில் இருக்கிற கோயிலுக்குக்கூடக் கூட்டிக்கொண்டு போக ஆளில்லை. எனக்குப் பாருங்கள், நீ நான் என்று முறை வைத்துப் பங்கு போடுகிறார்கள். அன்றைக்குக் காலை காபி அவ்வளவு ருசியாக இருந்தது.

அன்று நவீன் வண்டி. இவர் முன் சீட்டு, நானும் சிந்துஜாவும் பின்னால். வழியெல்லாம் வாழைத்தோட்டம், வாய்க்கால், நாற்று நட்ட வயல். பச்சைப் பசேல் என்று இருக்கும். பார்க்கலாம்தான், ஆனால் நான் ஸ்பீடு பிரேக்கர் வருகிறதா என்று பார்த்துக்கொண்டு வந்தேன். வருவதற்கு முன்னாலேயே "நவீன், மெல்ல" என்று சொல்லிவிடுவேன். சிந்துஜா வயிற்றின் மேல் தலையணை வைத்துப் பிடித்துக்கொண்டேன். அவள், "வேணாம் அத்தை, புழுக்கமா இருக்கு" என்றாள். பிள்ளைத்தாய்ச்சிக்குப் புழுக்கம் இருக்கத்தான் செய்யும்.

தாராசுரத்தில் எங்களோடு ஒரு பள்ளிக்கூடமே வந்து இறங்கியது. அந்த வெள்ளைச் சட்டைக் கூட்டத்துக்குள் நம் ஆட்களை எண்ணுவது என்ன பாடு தெரியுமா? கல்லில் என்னென்னவோ செதுக்கியிருக்கிறார்கள் என்று புவனா காட்டினாள். எனக்கு ஐந்து தலைதான் கண்ணில் நின்றது.

வெளியே வந்ததும்தான் அது நடந்தது. ரோட்டோரம் தள்ளுவண்டியில் அன்னாசிப்பழம் வெட்டி, மிளகாய்ப்பொடி தூவி விற்றான். நான் செருப்பு மாட்டிவிட்டு நிமிர்ந்தால், சிந்துஜா வாய்க்குப் பக்கத்தில் துண்டு. மூன்று மாசத்தில் அன்னாசி. நீங்களே சொல்லுங்கள். பிடுங்கிக் கீழே போட்டேன். தட்டோடு விழுந்துவிட்டது. வேண்டுமென்று தட்டைத் தட்டவில்லை, கை வேகத்தில் விழுந்தது.

"டாக்டர் சாப்பிடலாம்னு சொல்லியிருக்காங்க அத்தை" என்றாள்.

"டாக்டரா வந்து பத்து மாசம் சுமக்கப்போறாங்க?" என்றேன். தப்பாக ஒன்றும் கேட்கவில்லையே? தள்ளுவண்டிக்காரன் வேறு துண்டு எடுத்துக்கொண்டு நிற்கிறான், கொடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல்.

அவள் போய் வண்டியில் உட்கார்ந்துவிட்டாள். அழுதாள் போல. நவீன் என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னான், "அம்மா, கொஞ்ச நேரம் புவனா வண்டியில வா." இவர் வேஷ்டியில் ஒட்டிய மிளகாய்ப்பொடியைத் தட்டிக்கொண்டிருந்தார். நான் புவனா வண்டியில் ஏறினேன். கொஞ்ச நேரம் என்றது கும்பகோணம் வரைக்கும், அப்புறம் சாயங்காலம் சுவாமிமலை போய்வந்த வரைக்கும் ஆகிவிட்டது.

முறை அங்கேதான் கலைந்தது. என்னால்தான் கலைந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்னாசிப்பழத்தால்.

இன்று காலை கும்பகோணத்தில் கிளம்பும்போது நான் என் பையை நவீன் வண்டியில்தான் வைத்தேன். என் போனும் அந்தப் பையில்தான். மதியச் சாப்பாட்டுக்கு மெஸ்ஸில் சொல்லி வாங்கிய பொட்டலங்களும் அங்கேதான். ஆனால் சிந்துஜா காலை நீட்டிப் படுத்திருந்தாள், இடமில்லை. புவனா நவீனிடம் சொன்னாள், "கங்கைகொண்ட சோழபுரம் வரைக்கும் நாங்க. நேத்தும் பாதி நாள் நாங்கதான். கோயில் பார்த்ததுக்கப்புறம் நீ." நவீன் போனில் கம்பெனிக்காரர்கள் யாருடனோ பேசிக்கொண்டே தலையாட்டினான். அவன் காதில் விழுந்ததோ என்னவோ. இன்று முழுக்கப் புவனா முறை என்றே நினைத்துக்கொண்டிருந்திருப்பான். நேற்றுக் காலை பேசிய கணக்குப்படி இன்று அவள் முறைதானே?

அணைக்கரையில் கொள்ளிடத்தைத் தாண்டும்போது கண்ணை மூடிக்கொண்டேன். அவ்வளவு நீளப் பாலம், அவ்வளவு குறுகல். "மாப்பிள்ளை, ரெண்டு கையும் ஸ்டியரிங்ல இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னேன். புவனா, "அம்மா, கண்ணத் தொற, ஆறு எவ்ளோ அழகா இருக்கு பாரு" என்றாள். நான் பார்த்து யார் ஓட்டுவது?

கோயிலுக்குப் பதினோரு மணிக்குப் போனோம். பன்னிரண்டுக்கு நடை சாத்திவிடுவார்களாம். புல்தரை பெரிசாக விரிந்து கிடக்கிறது, நடுவில் கோயில். சாமி கும்பிட்டு வெளியே வந்தோம். மாப்பிள்ளையும் புவனாவும் சிங்கம் செதுக்கின கிணற்றுப் பக்கம் போட்டோ எடுத்தார்கள். இவர் நிழலில் உட்கார்ந்திருந்தார், நவீன் போனில். நான் எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, என்னோடு சேர்த்து ஐந்து.

மறுபடி எண்ணினேன். ஐந்துதான்.

சிந்துஜா இல்லை. யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்டால் சிரிப்பார்கள். நேற்று வேறு அந்த மாதிரி ஆகிவிட்டது, அவள் பேச்சை எடுக்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. உள்ளே இருட்டு, படி செங்குத்து, காலையில் அவள் சரியாகச் சாப்பிடவும் இல்லை. எங்கேயாவது தலைசுற்றி உட்கார்ந்திருந்தால்? நான் திரும்பப் படியேறி உள்ளே போனேன். தூண் தூணாகப் பார்த்தேன். சுற்றி வந்தேன். பின்பக்கம் சண்டிகேசுவரர் சன்னதி வரைக்கும் போனேன். கூப்பிட்டும் பார்த்தேன், குரல் கல்லில் பட்டு எனக்கே திரும்பி வந்தது. சாவிக்கொத்தோடு ஒருத்தர் வந்து, "நடை சாத்தணும்மா, வெளிய போங்க" என்றார். "ஒரு பொண்ணு, மஞ்சள் சுடிதார், புள்ளத்தாச்சி" என்றேன். "உள்ள யாரும் இல்லம்மா" என்றார்.

வெளியே வந்து பார்த்தால் புல்தரையில் யாரும் இல்லை. கிணற்றுப் பக்கம் யாரும் இல்லை. வாசலுக்கு ஓடினேன். கார் நின்ற இடத்தில் ஒரு நாய் படுத்திருந்தது.

செருப்பு பார்த்துக்கொள்கிற அம்மாவிடம் கேட்டேன். "ரெண்டு வண்டியும் அப்பவே போயிருச்சேம்மா. மஞ்ச சுடிதாரா? அந்தப் பொண்ணுதான் எல்லாருக்கும் முன்னாடி வந்து செருப்ப எடுத்துக்கிட்டு வண்டியில ஏறி ஏசி போட்டு உக்காந்துருச்சு" என்றாள். நான் அவளைக் கோயிலுக்குள் தேடிக்கொண்டிருந்தபோது அவள் காருக்குள் இருந்திருக்கிறாள். நன்றாகத்தான் இருந்திருக்கிறாள். அது ஒரு நிம்மதி.

பலகையில் என் செருப்பு மட்டும் கிடந்தது. ஆறு ஜோடிக்கும் சேர்த்து ஒரே டோக்கன் வாங்கியிருந்தோம். "டோக்கன் குடுத்தது நரை மீசைக்காரருங்க" என்றாள் அந்த அம்மா. அது எங்கள் வீட்டுக்காரர். "ஒரு ஜோடி மீதி இருக்கே, இது யாருதுன்னு கேட்டேன். அது பின்னாடி வந்து எடுத்துக்கும்னு சொல்லிட்டுப் போனாரு."

அவர் சொன்னதில் பொய் இல்லை பாருங்கள். பின்னாடி வந்தேன், எடுத்துக்கொண்டேன்.

உட்காருங்கள் என்று ஸ்டூல் போட்டாள். தண்ணீர் கொடுத்தாள். "நம்பர் சொல்லுங்க, நான் போட்டுத் தர்றேன்" என்றாள். எனக்கு யார் நம்பரும் தெரியாது. என்னுடையது பட்டன் போன். நவீன்தான் போட்டுக் கொடுத்தான். ஒன்றை அழுத்திப் பிடித்தால் இவர், இரண்டு நவீன், மூன்று புவனா, நாலு சிந்துஜா, ஐந்து மாப்பிள்ளை, ஆறு சிலிண்டர் புக் பண்ணுகிற நம்பர். அழுத்தத்தான் தெரியும். எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த நம்பர் என் நம்பர் ஒன்றுதான், சிலிண்டருக்குச் சொல்லிச் சொல்லிப் பழகியது. சரி, என் பை நவீன் வண்டியில்தானே இருக்கிறது, அதற்கே போடுங்கள் என்றேன்.

மணி பன்னிரண்டரை இருக்கும். நாலைந்து தடவை அடித்தது. சிந்துஜா எடுத்தாள்.

"அலோ, யாருங்க? அத்தை இல்லீங்க, அவங்க அந்த வண்டியில வர்றாங்க. போனை இங்க விட்டுட்டாங்க. நீங்க யாரு பேசறது?"

நான் பேசவில்லை. ஏனென்றால் பின்னால் ஒரு பாட்டு கேட்டது. ரேடியோ இல்லை. ஆம்பளை குரல், சுருதி இல்லாமல், ஆனால் மனசு விட்டு. தாளம் வேறு போடுகிறது, டேஷ்போர்டில் தட்டுகிற சத்தம். எங்கள் வீட்டுக்காரர். முப்பத்தொரு வருஷமாச்சு எனக்குக் கல்யாணமாகி. அவர் பாடி நான் கேட்டதில்லை. பாடத் தெரியும் என்றே எனக்குத் தெரியாது. நவீன் சிரிக்கிறான், "அப்பா, அந்த சரணத்த இன்னொரு தடவ" என்கிறான். சிந்துஜா போனில் பேசும்போதே சிரிப்பை அடக்க முடியாமல் பேசுகிறாள். "அலோ, கேக்குதுங்களா? மாமா, கொஞ்சம் மெதுவா பாடுங்க, போன்ல யாரோ" என்கிறாள். அந்தச் சிரிப்பு இந்த ஒன்றரை வருஷத்தில் என் காதில் விழுந்ததில்லை. சின்னப் பிள்ளை சிரிப்பு.

"தப்பான நம்பருங்க" என்றேன்.

"பரவால்லீங்க" என்றாள். அவ்வளவு தன்மையாகச் சொன்னாள். என் குரல் அவளுக்குத் தெரியவில்லை.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று அந்தச் செருப்பு அம்மாவும் கேட்டாள். என்ன சொல்வது? நான் இங்கே நிற்கிறேன் என்றால் அந்தப் பாட்டு நின்றுவிடும். வண்டி திரும்பும். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொள்வார்கள். எனக்கு அது போனிலேயே தெரிந்தது.

"இங்கயே நில்லுங்கம்மா, தேடிக்கிட்டு வருவாங்க" என்றாள். வருவார்கள், வராமல் என்ன? வந்தால் நவீன் முதலில் எரிந்து விழுவான், எங்கம்மா போய்த் தொலைஞ்ச என்று. கொல்லிமலையில் நானும் முதலில் அடிக்கத்தானே செய்தேன். அதற்குப் பயந்து இல்லை. அவன் திட்டினால் நான் வாங்கிக்கொள்வேன். திட்டாமல், ஐந்து பேரும் பேசாமல் வண்டியில் உட்கார்ந்துகொண்டு, இப்போது நான் எந்த வண்டியில் ஏறுவது என்று ஒருத்தரை ஒருத்தர் பார்த்தால்? அதற்குத்தான்.

கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தேன். ஒவ்வொரு கார் வரும்போதும் எழுந்து நின்றேன். பன்னிரண்டே முக்காலுக்கு ஜெயங்கொண்டம் பஸ் வந்தது. கையைக் காட்டிவிட்டேன், நானே எதிர்பார்க்கவில்லை. "யாராச்சும் வந்து கேட்டா ஊருக்குப் போயிட்டேன்னு சொல்லுங்க" என்று அந்த அம்மாவிடம் சொல்லிவிட்டு ஏறினேன். டிக்கெட்டுக்குப் பணம் இருக்கிறது, வீட்டுச் சாவியும் என் இடுப்பில்தான் இருக்கிறது. அவர்கள் வந்தாலும் நான் போய்த்தான் திறக்க வேண்டும்.

முறை என்று பேசினார்களே, அதை இந்த பஸ்ஸில் ஏறினதிலிருந்து யோசித்துக்கொண்டு வருகிறேன். எங்கள் வீட்டில் முறை வைத்துச் செய்கிற வேலை இரண்டுதான். விடியற்காலம் எழுந்து தண்ணீர் பிடிப்பது ஒன்று. கக்கூஸ் கழுவுவது ஒன்று. ஆசைப்பட்டதற்கு யாரும் முறை வைத்துக்கொள்வதில்லை, இல்லையா? தெரியவில்லை. நான் ஏழாவதோடு நின்றவள். நீங்கள் படித்தவர்கள், நீங்கள் சொல்லுங்கள்.

இல்லை, சொல்ல வேண்டாம்.

இப்போது மணி என்ன? இரண்டு ஆகப்போகிறதா? அப்படியானால் சாப்பாட்டு நேரம். பிச்சாவரத்தில் வண்டியை நிறுத்தி, மர நிழலில் துண்டு விரித்து, சாப்பிட்டுவிட்டுத்தான் படகு என்று மாப்பிள்ளை சொல்லியிருந்தார். மெஸ்ஸில் நான்தான் நின்று கட்டச் சொன்னேன். ஆறு பொட்டலம். ஒன்றில் மட்டும் மோர்மிளகாய் இல்லாமல், அது சிந்துஜாவுக்கு. இரண்டு வண்டியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். புவனா பையைப் பிரிப்பாள். ஆளுக்கு ஒன்றாகக் கொடுப்பாள். ஆளை எண்ணாவிட்டாலும் பொட்டலத்தை எண்ணித்தானே ஆக வேண்டும்? கடைசியில் ஒன்று கையில் மீந்து நிற்கும். அப்போது பார்ப்பார்கள்.

பார்த்திருப்பார்கள், இல்லையா?

ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். உங்கள் போனில் என் நம்பரை ஒரு தடவை போடுங்கள். நான் பேசமாட்டேன், நீங்களே காதில் வையுங்கள். ஒன்றும் பேச வேண்டாம், கேட்டால் போதும். பின்னால் பாட்டோ சிரிப்போ கேட்டால், அப்படியே வைத்துவிடுங்கள். யார் சிரிக்கிறார்கள் என்றுகூட எனக்குச் சொல்ல வேண்டாம். சத்தம் ஒன்றும் இல்லையென்றால் மட்டும் என் கையில் கொடுங்கள்.

ஒன்பது, நாலு, நாலு, இரண்டு... ஆமாம், நாலு இரண்டு தடவை. மீதியையும் சொல்கிறேன், அழுத்துங்கள்.

போகிறதா?

என்ன, வைத்துவிட்டீர்கள்? சிரிப்புச் சத்தமா?

பிஸியா? என் போனா? எனக்கு யாரும் கூப்பிடமாட்டார்கள், கூப்பிடுகிற ஐந்து பேரும் அங்கேதானே இருக்கிறார்கள். அப்படியென்றால் என் போனை எடுத்து யாரோ பேசுகிறார்கள். அவரவர் போன் கையில் இருக்கும்போது என் போனில் ஏன் பேச வேண்டும்? அதில் இருக்கிறது மொத்தம் ஆறு நம்பர். இன்றைக்கு யாரும் சிலிண்டர் புக் பண்ணமாட்டார்கள். பன்னிரண்டரைக்குத் தப்பான நம்பர் என்று ஒன்று வந்ததே, அந்தச் செருப்பு அம்மா நம்பர், அது என் போனில்தான் இருக்கும். வேறு எதிலும் இருக்காது. அந்த அம்மாவைத்தான் கூப்பிட்டு விசாரிக்கிறார்கள்.

சிந்துஜாவுக்குத்தான் அது தோன்றியிருக்கும். கெட்டிக்காரி அவள்.

அவசரப்பட்டு மறுபடி போடாதீர்கள். லைனை விடுங்கள். பேசி முடிக்கட்டும். போனை மட்டும் உள்ளே வைத்துவிடாதீர்கள், இப்படி நம் இரண்டு பேருக்கும் நடுவில் இருக்கட்டும்.